கல்மாரியும் சூளைக்காரரும்

காய்த்த மரம்தான் கல்லடி படும் என்பார்கள். அந்தக் கார் தொழிற்சாலையில் மட்டும் இந்தப் பழமொழி செல்லாது. அங்கே காய்த்தது, காய்க்காதது, இன்று காலையில்தான் பெயிண்ட் காய்ந்தது எல்லாமே கல்லடி பட்டாக வேண்டும். அடிப்பதற்கென்றே சம்பளம் கொடுத்து ஒருத்தியை வைத்திருந்தார்கள். அவளுக்குக் கல்மாரி என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. சம்பளச் சீட்டைத் தவிர மற்ற இடங்களில் எல்லாம் அவள் கல்மாரிதான்.

அவளுடைய அறை பெயிண்ட் பிரிவின் கடைசி மூலையில் இருந்தது. உள்ளே பீரோ அளவில் ஓர் இரும்பு இயந்திரம். ஒரு பக்கம் பெயிண்ட் அடித்த தகட்டை மாட்டி இறுக்குவாள். இன்னொரு பக்கம் சலித்து வைத்த கூழாங்கற்களைக் கொட்டுவாள். பொத்தானை அழுத்தினால் காற்று அந்தக் கற்களை வாரி, ஓடுகிற காரின் மீது லாரிச் சக்கரம் கல்லைத் தெறிக்கவிடுவது போல, தகட்டின் மீது எறியும். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு சத்தம். பிறகு தகட்டைக் கழற்றித் துடைத்து, நல்ல பசையுள்ள நாடாவை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று உரிப்பாள். ஆட்டம் கண்ட பெயிண்டெல்லாம் நாடாவோடு வந்துவிடும். மிச்சத்தை விளக்கடியில் வைத்து, பூதக்கண்ணாடியால் பார்ப்பாள். பொத்தல் எத்தனை, எவ்வளவு பெரிது, எந்த அடுக்கு வரைக்கும் போயிருக்கிறது என்பதுதான் அவளுக்கு முக்கியம். மேல் நிறம் மட்டும் போயிருந்தால் ஒரு கணக்கு. இரும்பு பல்லைக் காட்டினால் வேறு கணக்கு.

அந்த வேலைக்கு வரும் முன்பு அவள் கார் உடல்களைத் துணியால் துடைக்கும் வரிசையில் இருந்தாள். கல்லெறியும் அறை காலியானபோது அங்கே போக யாரும் முன்வரவில்லை. "காது போயிடும்" என்றார்கள். "மனசு போயிடும், நாள் முழுக்க உடைச்சுக்கிட்டே இருக்கணும்" என்றார்கள். அவள் ஒரு நாள் எட்டிப் பார்த்தாள். இயந்திரம் ஒரு முறை பொழிந்தது. அவ்வளவுதான், அவளுக்குப் பிடித்துப்போனது. "நான் வர்றேன். எங்க வீட்டுல நாங்க அஞ்சு பொம்பளைப் பிள்ளைங்க. இதைவிடச் சத்தம் கேட்டு வளந்தவ நான்" என்றாள்.

சத்தத்தில் வேலை செய்பவர்களுக்கு வரும் கோளாறு அவளுக்கும் வந்தது. காது நன்றாகத்தான் கேட்டது. குரல்தான் இறங்க மறந்துவிட்டது. அவள் வீட்டில் ரகசியம் பேசினால் எதிர்வீட்டுக்காரர் பதில் சொல்லுவார்.

அவள் கல்யாணமும் அந்தக் குரலால் ஆனதுதான். வேலைக்கு வந்த புதிதில் ஒரு நாள், வந்த தகடுகள் எல்லாம் கண்ணாடி போல நொறுங்கின. பெயிண்டைச் சுடும் ஓவனில் பதம் தவறியிருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. கையில் தகட்டோடு நேரே ஓவன் பக்கம் போனாள். பெயிண்ட் அடித்த கார் உடல்கள் ஒரு முனையில் ஈரமாக நுழைந்து, மறு முனையில் காய்ந்து வெளியே வரும் நீண்ட சூட்டுக் குகை அது. அதைக் கவனித்துக்கொண்டவரைச் சூளைக்காரர் என்று கூப்பிடுவார்கள்.

"யாருங்க இங்க அடுப்பு பாக்கறது? கருக விட்டிருக்கீங்க."

சூளைக்காரர் தகட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "பளபளன்னுதானே இருக்கு? நிறத்துல என்ன குறை?"

"நிறத்தைப் பாத்து மயங்க நான் என்ன பொண்ணு பாக்கவா வந்தேன்? தட்டிப் பாருங்க, அப்பளமா நொறுங்குது."

அவர் தட்டிப் பார்த்தார். நொறுங்கியது. அன்றைக்கு ஓவனைச் சரி செய்தவர், அடுத்த வாரத்திலிருந்து அவள் அறைக்குத் தானே தகடு கொண்டுவர ஆரம்பித்தார். கொண்டுவருவதற்கு ஆள் இருக்கும்போது இவர் எதற்கு வருகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது, அவளைத் தவிர. அவளுக்கும் தெரிந்தபோது அவர் வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். அவர் சுடுவார், இவள் உடைப்பாள். இப்படி ஒரு ஜோடி உலகத்தில் உண்டா என்று தொழிற்சாலையே சிரித்தது.

பல வருஷம் அப்படியே நன்றாகப் போனது. பிறகு புதிய மாதிரிக் கார் வந்தது.

அந்தக் காரோடு புதிய பெயிண்ட் முறையும் வந்தது. பழைய முறையில் காரின் உடலைத் தொட்டியில் முக்கி எடுத்து அடிப்பூச்சு போடுவார்கள். சூளைக்காரரின் ஓவனில் சுடுவார்கள். அதன்மேல் நடுப்பூச்சு, மறுபடி ஒரு ஓவன். அதற்கு மேல் நிறம், நிறத்துக்கு மேல் கண்ணாடி போல ஒரு பூச்சு, கடைசியாக ஓர் ஓவன். புதிய முறையில் நடுப்பூச்சும் இல்லை, அதற்கான ஓவனும் இல்லை. தண்ணீரில் கரைத்த பெயிண்ட். மூச்சை அடைக்கும் நெடி இல்லை, எரிபொருள் மிச்சம், வேலை சீக்கிரம். எல்லா அடுக்கும் சேர்ந்து ஒரு தலைமுடித் தடிமன்தான் வரும். அதைக் கேட்டதும் கல்மாரி முகத்தைச் சுளித்தாள். ஆனால் தகடுகள் வந்ததும் கல்லை எறிந்து பார்த்தாள். எறிந்தாள், எறிந்தாள், இயந்திரம் சூடேறும் வரைக்கும் எறிந்தாள். தகடுகள் நின்றன. மெல்லிய பூச்சுக்குள் அவ்வளவு உறுதி இருந்தது. "அடேயப்பா, ஒல்லிப்பிச்சான் நல்லாத்தான் அடி தாங்குறான்" என்று அவளே சொன்னாள். தேர்ச்சி என்று எழுதிக் கொடுத்தாள்.

அந்தக் காரை முதலில் வாங்கியவர்களில் ஒருத்தி அவள் நாத்தனார். சூளைக்காரரின் தங்கை டாக்சி ஓட்டினாள். ஊரில் டாக்சி ஓட்டும் பெண்கள் கொஞ்சம் பேர்தான். ஸ்டாண்டில் அவளுக்கு ஒரு மரியாதை உண்டு. நல்ல சிவப்பில் கார் வாங்கி, நேரே அண்ணன் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, ஹாரன் அடித்தாள்.

"அண்ணி, வெளிய வாங்க. அண்ணன் சுட்டது, நீங்க அடிச்சுப் பாத்தது. நம்ம வீட்டு வண்டி இது."

கல்மாரிக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீடுகளுக்குக் கேட்கும்படி, கேட்காதவர்களுக்கும் கேட்கும்படி, காரைச் சுற்றிச் சுற்றி வந்து பெயிண்டின் பெருமை பேசினாள்.

மழைக்காலம் ஒன்று போய், குளிர் ஆரம்பித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அதே கார் அதே வாசலில் வந்து நின்றது. இந்த முறை ஹாரன் இல்லை. நாத்தனார் கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கினாள்.

"அண்ணி, இதைக் கொஞ்சம் பாருங்க. பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

பானட்டின் முனையில் குண்டூசித் தலை அளவில் சில புள்ளிகள் இருந்தன. கல்மாரி சிரித்தாள். "இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்ட? லாரிக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டே போனா இது வரும்மா. நீ போற வேகம் ஒரு வேகம், கல்லு வர்ற வேகம் ஒரு வேகம். ரெண்டும் சேந்து மோதுது. எந்தப் பெயிண்ட்டா இருந்தாலும் ஒரு புள்ளி போகும்."

"அது எனக்கும் தெரியும். நான் காட்ட வந்தது அது இல்ல. குனிஞ்சு பாருங்க."

கல்மாரி குனிந்தாள். கதவுகளுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் ஓடும் அந்த நீளமான விளிம்பைப் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றது. பெயிண்ட் காசு காசாக உதிர்ந்திருந்தது. கல் பட்ட இடம் கடுகளவு. உரிந்த இடம் கட்டைவிரல் அகலம். நடுவில் வெறும் இரும்பு, அதில் செம்பழுப்பாகத் துரு அரும்பியிருந்தது. நகத்தால் ஓரத்தை லேசாகத் தூக்கினாள். வெந்த கிழங்கின் தோல் போல வந்தது.

"சில்லு போறது வேற, அண்ணி. இது உரியுது" என்றாள் நாத்தனார். "ஸ்டாண்டுல இதே வண்டி வெச்சிருக்கறவங்க எல்லாருக்கும் இதே கதிதான். நீங்கதான் பாஸ் போட்டதுன்னு நான் வாக்குக் குடுத்து வெச்சிருந்தேன். இப்ப எல்லாரும் என் மூஞ்சியைப் பாக்கறாங்க. நான் யார் மூஞ்சியைப் பாக்க?"

சூளைக்காரர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "ரோடு மோசம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ரோடு மோசம்தான். ஆனால் ரோடு மோசம் என்பதற்காகத்தானே கல்லை எறிந்து பார்க்கிறார்கள்?

மறுநாள் தொழிற்சாலையிலும் அதே பேச்சு. பழுது பார்க்கும் இடங்களிலிருந்து புகார்கள் வந்துகொண்டிருந்தன. டாக்சிக்காரர்கள் கண்டபடி ஓட்டுகிறார்கள் என்றது ஒரு கூட்டம். கழுவும்போது தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள் என்றது இன்னொரு கூட்டம். கடைசியில் எல்லாக் கண்ணும் கல்லெறியும் அறையின் பக்கம் திரும்பியது. தேர்ச்சி கொடுத்தது யார்?

ஆய்வகத்தின் தலைவியை எல்லோரும் மேடம் என்றுதான் சொல்லுவார்கள். ரசாயனம் படித்தவர், மெதுவாகப் பேசுகிறவர். அவர் கல்மாரியின் அறைக்கு வந்து, பழைய தகடுகளை எல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நீங்க சரியாத்தான் பாத்திருக்கீங்க. இந்தத் தகடு இப்பவும் தாங்கும்" என்றார்.

"அதுதான் மேடம் எனக்குத் தூக்கம் வரல. தகடு தாங்குது, வண்டி தாங்கல. ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவாங்க. நான் பதம் பாத்தது வேற பானைச் சோறோன்னு தோணுது."

மேடம் அவளைக் கூர்ந்து பார்த்தார். "சொல்லுங்க."

"தகட்டை இப்ப எங்க சுடுறோம்? முன்ன மாதிரி பெரிய ஓவன்ல இல்ல, உங்க ஆய்வகத்துச் சின்ன அடுப்புல. வண்டியை எங்க சுடுறாங்க? அங்க. எனக்கு ஒரு முழு வண்டி வேணும், மேடம். வரிசையில வந்த வண்டி. கதவு, கூரை, கீழ்விளிம்பு எல்லாத்தையும் வெட்டி எடுத்து நான் கல்லெறியணும்."

புதுக் கார் உடல் ஒன்றை வெட்டுவதென்றால் மேலே எத்தனையோ பேர் தலையாட்ட வேண்டும். எதற்கும் குரலை உயர்த்தாத மேடம் அன்றைக்கு உயர்த்தினாராம். மாடியில் எல்லோருக்கும் கேட்டதாம். கல்மாரியிடமிருந்து தொற்றிக்கொண்டது என்று பிறகு சொல்லிச் சிரித்தார்கள். எப்படியோ, கார் உடல் வந்தது. அறுத்தார்கள். கல்மாரி துண்டுகளை இயந்திரத்தில் மாட்டினாள்.

கூரைத் துண்டு நின்றது. கதவுத் துண்டு நின்றது. கீழ்விளிம்புத் துண்டை மாட்டிப் பொழிந்து, நாடாவை ஒட்டி உரித்தாள். சிவப்புப் பெயிண்ட் அடியிலிருந்து பெயர்ந்து, நாடாவோடு முழுசாக வந்தது. அதன் பின்பக்கம் அடிப்பூச்சும் ஒட்டிக்கொண்டிருந்தது. வேர் பிடிக்காத செடியைப் பிடுங்கினாற்போல.

அடிப்பூச்சு வேகவில்லை.

அடிப்பூச்சைச் சுடுவது யார் ஓவன் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"நான் போய்ச் சொல்லட்டுமா?" என்று மேடம் கேட்டார்.

"வேண்டாம் மேடம். ஒரே வீட்டுலதானே இருக்கோம். நானே சொல்றேன்."

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள். தன்னால் முடிந்த அளவு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். சூளைக்காரர் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"என் ஓவன் பக்கம் கை நீட்டாத. காலையிலயும் சாயங்காலமும் சூடு பாக்கறேன். முள்ளு நகராம நிக்குது. இத்தனை வருஷத்துல ஒரு தடவை, ஒரே தடவை கருக விட்டேன். அதையும் நீ கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்து சொல்லிக் காட்டிட்டே இருக்க."

"ஏங்க, நான் உங்களைச் சொல்லல..."

"பின்ன யாரைச் சொல்ற? அடுப்பு தானா எரியுதா?"

சில நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. பாத்திரங்கள் மட்டும் பேசிக்கொண்டன. எதிர்வீட்டுக்காரருக்கே மனசு கேட்காமல், "என்னங்க, வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா, சத்தமே காணோமே" என்று வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

கல்மாரிக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. ஒரு பக்கம், தாலி கட்டியவரின் தொழிலைக் குறை சொல்ல வேண்டியிருக்கிறதே என்று. இன்னொரு பக்கம், அந்தத் தொழிலில் அவரைவிடக் கவனமான ஆள் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். சூட்டில் அவர் தவறவே மாட்டார். அப்படியென்றால் தவறு எங்கே? ஒரு காலை அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது, வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

"ஏங்க, நீங்க பாக்கறது காத்தோட சூடு. சரியாத்தான் இருக்கும். இரும்போட சூடு?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஆனால் அந்த வார்த்தை அவர் காதில் விழுந்த கல்லாக உள்ளே உருண்டுகொண்டே இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு மத்தியானம் அவர் யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தார். சூட்டைப் பதியும் கம்பிகளைக் கொண்டுவந்து, ஒரு கார் உடலின் கூரையில் ஒன்று, கதவில் ஒன்று, கீழ்விளிம்பில் ஒன்று எனக் கட்டி, ஓவனுக்குள் அனுப்பினார். மறுமுனையில் போய்க் காத்திருந்து, தானே அவிழ்த்துப் பார்த்தார். நம்பவில்லை. இன்னொரு உடலை அனுப்பினார். அதுவும் அப்படியே.

கல்லெறியும் அறையில் கல்மாரி கல் சலித்துக்கொண்டிருந்தாள். மேடமும் இருந்தார். கதவைத் திறந்துகொண்டு சூளைக்காரர் வந்து நின்றார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கூரை உள்ள போனதும் சூடாயிடுது. ஒத்தைத் தகடுதானே. கீழ்விளிம்புல தகட்டு மேல தகடு, அதுக்கு மேல தகடுன்னு வெல்டிங் பண்ணி வெச்சிருக்காங்க, பலத்துக்காக. அது சூடேறி முடிக்கறதுக்குள்ள வண்டி வெளிய வந்துடுது. பாதி வேக்காடு." மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ சொன்னது சரிதான். காத்தைத்தான் பாத்துட்டிருந்திருக்கேன்."

சில ஆண்கள் இதைச் சொல்ல ஒரு ஆயுசு எடுத்துக்கொள்வார்கள். சூளைக்காரர் பத்துப் பேர் நடமாடும் இடத்தில், கதவைக்கூடச் சாத்தாமல் சொன்னார். கல்மாரி சல்லடையைக் கீழே வைத்தாள். அவள் மார்பு விம்மியது. வேலையில் தான் ஜெயித்ததற்காக இல்லை. இப்படி ஒரு மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று.

"ஆனா இத்தனை வருஷம் இதே ஓவன்தானே? அப்ப ஏன் உரியல?" என்று அவர் கேட்டார்.

அதற்கு விடை சொன்னவர் மேடம். நாற்காலியில் உட்கார்ந்து, விரலால் மேஜையில் கோடு போட்டுக்கொண்டே யோசித்தவர், திடீரென்று நிமிர்ந்தார்.

"நடுப்பூச்சு ஓவன்! முன்னாடி உங்க ஓவன்ல பாதி வெந்தது, அடுத்த ஓவன்ல மீதி வெந்துடும். நமக்குத் தெரியாமலே அது காப்பாத்திட்டு இருந்திருக்கு. இப்ப அந்த ஓவனை எடுத்துட்டோம். கடைசி ஓவன் சூடு கம்மி, அடிப்பூச்சுக்குப் போதாது." அவர் நெற்றியில் தட்டிக்கொண்டார். "அதை எடுக்கலாம்னு சொன்ன கூட்டத்துல நானும் இருந்தேன்."

"அப்ப ஆளுக்குக் கொஞ்சம் பங்கு வந்தாச்சு. சண்டை போட ஆள் இல்ல. வேலையைப் பாப்போம்" என்றாள் கல்மாரி.

வேலையைப் பார்த்தார்கள். ஓவனுக்குள் சூடான காற்று மேலேயிருந்துதான் இறங்கிக்கொண்டிருந்தது. சூளைக்காரர் தன் ஆட்களோடு, ஓவன் ஆறிக் கிடந்த விடுமுறை நாட்களில் உள்ளே புகுந்து, காற்று வாய்களைக் கீழே இறக்கி, கார் உடலின் இடுப்புக்குக் கீழ் நேராகப் படும்படி திருப்பினார். வரிசையின் வேகத்தைக் குறைக்கவும் மாடியில் சம்மதித்தார்கள். கல்மாரி தன் பக்கம் ஒரு புது விதி போட்டாள். இனிமேல் தட்டைத் தகடு மட்டும் அல்ல, வரிசையில் வந்த காரிலிருந்து வெட்டிய துண்டும் வேண்டும். அதுவும் சும்மா வேண்டாம். குளிர்ப்பெட்டியில் வைத்து விறைக்க விட்டு அடிக்க வேண்டும். குளிரில் பெயிண்ட் இறுகிவிடும், வளைந்து கொடுக்காது, அப்போதுதான் கல்லுக்குச் சுலபமாக உடையும். உரிதல் குளிர் ஆரம்பித்தபோது வெளியே தெரிந்ததை அவள் மறக்கவில்லை.

புதிய கீழ்விளிம்புத் துண்டு வந்த நாள், அந்தச் சின்ன அறையில் நிற்க இடமில்லை. சூளைக்காரர் சுவரோடு சாய்ந்து, கைக்குட்டையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். பரீட்சை முடிவு பார்க்க வந்த பிள்ளையின் அப்பா மாதிரி இருந்தது அவர் முகம். கல்மாரி ஒருவரையும் பார்க்கவில்லை. துண்டை மாட்டினாள். வழக்கத்தைவிட அதிகமாகவே கல்லைக் கொட்டினாள். வீட்டுக்காரர் சமைத்தது என்று அவள் சலுகை காட்டினதாக ஒருத்தனும் சொல்லக் கூடாது. பொழிந்தாள். மறுபடி பொழிந்தாள். நாடாவை ஒட்டினாள். அழுத்தித் தேய்த்தாள். வெடுக்கென்று இழுத்தாள்.

நாடாவில் மிளகாய்த்தூள் தூவினதுபோல் கொஞ்சம் சிவப்பு. அவ்வளவுதான். துண்டில் குண்டூசித் தலைப் புள்ளிகள். ஒன்றுகூட இரும்பைத் தொடவில்லை.

அவள் அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். என்ன சொன்னாள் என்பது யாருக்கும் கேட்கவில்லை, அவ்வளவு கைதட்டல். அவள் குரலை இன்னொரு சத்தம் அமுக்கியது அன்று ஒரு நாள்தான்.

விற்ற கார்களைத் திரும்ப அழைத்துக் கீழ்விளிம்பைச் சுரண்டி, புதிதாகப் பூசிக் கொடுப்பதென்று தொழிற்சாலை முடிவு செய்தது. டாக்சி ஸ்டாண்டில் போய் இதை எடுத்துச் சொல்ல ஆள் தேடினார்கள். நாக்கில் தேன் தடவிய விற்பனைக்காரர்கள் இருந்தார்கள். கல்மாரி, "நான் போறேன். பாஸ் போட்டது நான். வாங்கிக் கட்டிக்கறதும் நானே வாங்கிக் கட்டிக்கறேன்" என்றாள்.

ஸ்டாண்டில் டிரைவர்கள் வளைத்துக்கொண்டார்கள். நாத்தனார் பக்கத்தில் நின்றாள். முதல் கேள்வி ஒரு பெரியவரிடமிருந்து வந்தது. அவரை எல்லோரும் தாத்தா டிரைவர் என்பார்கள்.

"ஏம்மா, எங்க காலத்து வண்டியில பெயிண்ட் கல்லு மாதிரி இருக்கும். இப்ப எல்லாம் முட்டை ஓடு. ஏன் இப்படி ஏமாத்துறீங்க?"

"ஐயா, உங்க காலத்து வண்டி பெயிண்ட் தடிமனா இருக்கும், உண்மைதான். ஆனா நாலு வெயில் பாத்ததும் வெளுத்துடுமா இல்லையா? தொட்டா கையில மாவா ஒட்டும். மெழுகு போட்டுப் போட்டுத் தேய்ப்பீங்க."

பெரியவர் ஒத்துக்கொள்ள மனமில்லாமல் தலையாட்டினார்.

"இப்ப உள்ளது ஒல்லி. ஆனா வெயிலுக்கு அசையாது, மழைக்கு அசையாது. பத்து வருஷம் கழிச்சும் மூஞ்சி தெரியும். கல்லுக்கு மட்டும் கொஞ்சம் பயம். மேல இருக்கற கண்ணாடிப் பூச்சு கடினம். கடினமானது கீறல் தாங்கும், ஆனா சுருக்குனு ஒரே இடத்துல குத்தினா தெறிக்கும். அதுக்கு மேல, நீங்க லாரி பின்னாடி மாமியார் வீட்டுக்குப் போற மாதிரி ஒட்டிக்கிட்டே போறீங்க."

சிரிப்பு வந்தது. கூட்டத்தின் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

"அப்ப சரி பண்ணிக் குடுத்ததுக்கு அப்புறம் பெயிண்ட் போகவே போகாதா?" என்றான் ஒருவன்.

விற்பனைக்காரர் யாராவது இருந்திருந்தால் போகாது என்றிருப்பார். கல்மாரி, "போகும்" என்றாள். "பானட்டுல புள்ளி விழும். போகாதுன்னு சொன்னா நான் பொய் சொல்றவ. ஆனா புள்ளி புள்ளியாவே இருக்கும். உரியாது. உரிஞ்சா என் ரூமுக்கு வாங்க, வழி கேக்கவே வேண்டாம், சத்தத்தை வெச்சே வந்துடலாம். நீங்க ஒண்ணு பண்ணுங்க. புள்ளி விழுந்து இரும்பு தெரிஞ்சா நாளைக்குப் பாக்கலாம்னு விடாதீங்க. கழுவித் துடைச்சு, அதே நிறத்துல ஒரு துளி தொட்டு வெச்சிடுங்க. பெயிண்ட் இரும்புக்குத் தோலு. தோலுல காயம் பட்டா நாம சும்மா விடுவோமா?"

தாத்தா டிரைவர் தன் வண்டியின் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். "முதல்ல என் வண்டியைக் கொண்டு போங்க" என்றார். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். நாத்தனார் அண்ணியின் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்தால், கார்களை எல்லாம் அவளே பூசிக் கொடுக்கப்போகிறாள் என்று தோன்றும்.

அதற்குப் பிறகு பல குளிர்காலம் வந்து போய்விட்டது. கல்லெறியும் அறை இப்போது பெரிதாகிவிட்டது. கல்மாரிக்குக் கீழே வேறு பெண்களும் அங்கே வேலை பார்க்கிறார்கள். எல்லோருக்கும் குரல் மேலே போய்விட்டது. சூளைக்காரர் காற்றையும் பார்க்கிறார், இரும்பையும் பார்க்கிறார். புதிதாக யார் ஓவன் வேலைக்கு வந்தாலும் முதலில் அவர்களைக் கல்லெறியும் அறைக்கு அழைத்துப்போய், "நம்ம வேலைக்கு மார்க் போடறது இங்கதான்" என்று காட்டுவார். காட்டும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்.

கல்மாரி மட்டும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். நேரம் கிடைக்கும்போதெல்லாம் டாக்சி ஸ்டாண்டுக்குப் போய், நிற்கிற கார்களுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, பூதக்கண்ணாடியால் கீழ்விளிம்புகளைப் பார்ப்பாள். இயந்திரம் எறிகிற கல்லுக்கும் ரோடு எறிகிற கல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை என்பது அவள் கட்சி.

போன வாரம் ஒரு புது டிரைவர், டீ குடித்துவிட்டு வந்தவன், தன் காரடியில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பதறினான்.

"என்னம்மா பண்றீங்க அங்க? யாரு நீங்க? என் வண்டியை நீங்க எதுக்குப் பாக்கறீங்க?"

மற்ற டிரைவர்கள் அவனை அடக்க எழுந்தார்கள். கல்மாரி வேண்டாம் என்று கை காட்டிவிட்டு எழுந்து, முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டாள்.

"தம்பி, இந்த வண்டி மேல ரோட்டுல ஒரு கல்லு படறதுக்கு முன்னாடி, முதல் கல்லை எறிஞ்சு பாத்தவ நான்" என்றாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்தை மறைக்கிறீங்க. அந்தப் பக்கத்தையும் பாக்கணும்."